ஓட்டை போட்ட கல்சட்டி

கல்சட்டியை வாங்கின அன்றைக்கே அடுப்பில் ஏற்றுகிற பொம்பளைகளைக் கண்டால் தங்கத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். "பெத்த அன்னைக்கே பிள்ளைய எந்திரிச்சு நடக்கச் சொல்லுவியளா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். வாங்க வந்தவள் பண்ணையார் வீட்டு வேலைக்காரியா, குமாஸ்தா பெண்டாட்டியா என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

வடக்கே சேலத்துப் பக்கமிருந்து வைக்கோல் சுற்றி ரயிலில் வந்து இறங்கும் அந்த மாக்கல் சட்டிகள் புதுசில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதில் முதல் நாள் வடிகஞ்சியைச் சுடச்சுட ஊற்றி வைக்க வேண்டும். மறுநாள் அரிசி களைந்த கழுநீர். அப்புறம் மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்து உள்ளும் புறமும் தேய்த்து வெயிலில் காயப்போட வேண்டும். மறுபடியும் கஞ்சி, மறுபடியும் எண்ணெய். கடைசியில் தேங்காய் மட்டைத் தணலில் பைய உட்கார வைத்துச் சூடு காட்ட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழக்கினால் சட்டி கறுத்து மினுமினுக்கும். பிறகு அதில் வைக்கிற புளிக்குழம்பு அடுப்பைவிட்டு இறக்கின பிறகும் சளசளவென்று கொதித்துக்கொண்டே கிடக்கும். மறுநாளைக்குத்தான் அதன் ருசியே தெரியும்.

வாங்குகிறவர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது என்று தெரிந்துகொண்டு தங்கத்தாயே சட்டிகளைப் பழக்கி விற்றாள். வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் போகிற பாதையோரம், பல குடிகள் சேர்ந்திருக்கிற ஒரு வளவில் அவர்கள் வீடு. அவள் புருஷன் பிச்சைக்கண்ணு பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சரக்கை இறக்கி வருவான். ரயிலில் இடிபட்டு விளிம்பு பெயர்ந்த சட்டிகளை மடியில் கவிழ்த்துக்கொண்டு, அரத்தால் ராவி ராவி ஒழுங்குபண்ணுவான். ஒரு சட்டிக்கு ஒரு மத்தியானம் போய்விடும். "விக்கிறதுக்குத்தான செய்யுதிய, கோயில்ல வைக்கவா?" என்று தங்கத்தாய் கேலி பண்ணுவாள். அவன் சிரித்துக்கொண்டே ராவுவான். கை பட்ட வேலை அரைகுறையாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

டில்லியில் ஜார்ஜ் மகாராஜாவுக்குப் பட்டம் கட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட அந்த வருஷம், ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. தாமிரபரணி இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போயிற்று. அந்த மழைக்குள் சட்டி விற்கப் போன இடமெல்லாம் தங்கத்தாய்க்கு ஒரே பதில்தான் கிடைத்தது. கடைத்தெருவில் அலுமினியம் வந்து இறங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு விரலால் தூக்கலாம், நாலு ஓலையை எரித்தால் உலை கொதித்தது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பொம்பளைகள் அதை வாங்கினார்கள் என்றால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கத்தாயே ஒருநாள் கடை வாசலில் நின்று ஒரு அலுமினியச் சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்குமுன் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

மேலப்பாளையத்தில் ஜமீலா பீவி அவளுக்கு வெகுநாள் வாடிக்கை. சட்டி அடுக்கின கடவப்பெட்டியை இறக்கக்கூட விடாமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"என்ன புள்ள, வயித்த தள்ளிக்கிட்டு இந்த மழையில? எத்தன மாசம்?"

"ஏழு நடக்கு பீவிம்மா. ஒரு சட்டி எடுத்துக்கிடுங்க. பழக்கினதுதான்."

"உங்கிட்ட வாங்கினதே மூணு கெடக்கே. ஒண்ணுல எலுமிச்சங்கா ஊறுது. மத்தது ரெண்டும் பரண்ல. எம்மருமவ தூக்கவே மாட்டேங்கா. இடுப்பு ஒடியுதாம் அவளுக்கு."

"இறக்கி வச்ச பொறவும் கொதிக்கும்லா பீவிம்மா."

"கொதிக்கும். யாரு இல்லேங்கா? அது சூடேறுததுக்குள்ள வீட்டுல பிள்ளைக பசிச்சு அழுது ஓஞ்சிருதுவளே."

ஆப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுத்து வயிறு நிறையச் சாப்பிட வைத்தாள். சட்டி மட்டும் வாங்கவில்லை. தங்கத்தாய் கொண்டுபோன கடவத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. படுக்கத் தலைமாட்டில் இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் நேசையா கங்காணி. சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். பாளையங்கோட்டைச் சாவடியில் தங்கிக்கொண்டு வளவு வளவாக நுழைந்து பேசுவார். மோசமான மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தில் அட்டை கடிக்கும் என்பதையும் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"குளிரும் வே. நம்ம ஊரு மார்கழியெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமில்ல. ஆனா வேல நிச்சயம். மழ பெஞ்சாலும் வேல, வெயிலடிச்சாலும் வேல."

"இவளையும் கூட்டிட்டு வரலாமா அண்ணாச்சி?" என்று பிச்சைக்கண்ணு கேட்டான்.

"வயித்துப்பிள்ளைக்காரிய கப்பல்ல ஏத்தமாட்டாவ. நீ மொதல்ல வா. பேறுகாலம் முடிஞ்சு பிள்ள தவழ ஆரம்பிக்கட்டும். பொறவு கூப்பிட்டுக்கிடலாம். முன்பணமெல்லாம் ஸ்டேஷன்ல வண்டி ஏறும்போதுதான். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பொறப்படுதோம்."

பிச்சைக்கண்ணு தலையை ஆட்டினான். தங்கத்தாய் எதிர் வீட்டைப் பார்த்தாள். எதிர் வீட்டு முத்துமாலையின் புருஷனும் இப்படித் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனான். போன ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. முத்துமாலை இன்னும் சாயங்காலமானால் தலைசீவிப் பூ வைத்துக்கொள்கிறாள். அவளைத் தாலி கட்டினவள் என்று கூப்பிடுவதா, தாலி அறுத்தவள் என்று கூப்பிடுவதா என்று வளவில் இருக்கிறவர்களுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மழை வெறித்த ஒரு காலையில் வளவு வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. ஹெப்சிபா டீச்சர் இறங்கினாள். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் போர்டிங் பள்ளிக்கூடம் ஒன்றில் பெரிய டீச்சர் அவள். பள்ளிக்கூடச் சமையலுக்கு முன்பெல்லாம் தங்கத்தாயிடம் சட்டி வாங்கியிருக்கிறாள். சேறு படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தங்கத்தாயி, உங்கிட்ட எத்தன சட்டி இருக்கு?"

"உள்ள வந்து பாருங்க டீச்சரம்மா. சட்டிகதான் குடியிருக்கு. நாங்க ஓரமா ஒண்டிக் கெடக்கோம்."

ஹெப்சிபா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாம் எனக்கு வேணும்."

தங்கத்தாய்க்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குள் பிச்சைக்கண்ணு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"போர்டிங்ல அலுமினியம் வாங்கிட்டாவன்னு சொன்னாவளே?"

"சமையலுக்கு இல்ல. அழகுக்கு. துரைசாணியம்மா பங்களா வெராந்தாவ நீ பாக்கணும் தங்கத்தாயி. வரிசையா கல்சட்டி. குத்தாலத்துலருந்து கொண்டுவந்த பெரணிச் செடி ஒவ்வொண்ணுலயும். கறுப்புச் சட்டியில பச்ச இல. கண்ண எடுக்க முடியல."

"செடியா? குழம்பு வைக்கிற சட்டியிலயா?" தங்கத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறவு குழம்ப எதுல வைப்பாவ, பூந்தொட்டியிலயா?"

"சிரிக்காத. இப்ப அதுதான் பெரிய வீடுகள்ல நடக்கு. கிறிஸ்மஸுக்குப் பிஷப் அய்யா வாராவ. எங்க வெராந்தா முழுக்க வைக்கணும். அதப் பாத்தா நாலு வக்கீல் வீட்டுலயும் கேக்கத்தான் போறாவ. உனக்குக் கை ஓயாது. ஆனா நீ பழக்கின சட்டிதான் வேணும். அந்தக் கறுப்பும் மினுக்கமும் இல்லேன்னா நல்லாருக்காது."

சோறோ குழம்போ ஏறப்போகாத சட்டிக்கு எதற்கு இந்த எண்ணெய்க் குளியல் என்று தங்கத்தாய்க்குத் தோன்றியது. ஆனால் அது நினைத்து நினைத்துச் சிரிக்க வேண்டிய விஷயம், கேட்க வேண்டிய விஷயம் இல்லை. சுவரை மறைத்துக்கொண்டு நிற்கிற அத்தனை சட்டியும் போய்விடும். புருஷன் கப்பலேற வேண்டாம்.

"ஒரே ஒரு காரியம்," என்றாள் ஹெப்சிபா. "நான் ஏற்கெனவே ஒண்ணுல வச்சுப் பாத்தேன். தண்ணி வடியாம வேரெல்லாம் அழுகிட்டு. அதனால ஒவ்வொரு சட்டிக்கும் அடியில ஒரு ஓட்டை போட்டுத் தரணும்."

வீட்டுக்குள் அரம் நின்றது.

பிச்சைக்கண்ணு எழுந்து வாசலுக்கு வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. "அது முடியாதும்மா. வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

"ஏன்? கல்லு ஒடஞ்சிருமோ?" என்று டீச்சர் கேட்டாள்.

"நான் சொல்லியனுப்புதேன் டீச்சரம்மா. நீங்க வேற எங்கயும் கேட்டுராதிய," என்றாள் தங்கத்தாய்.

கல் உடைகிற பயம் அவனுக்கு இல்லை. அப்பன் செத்தபோது அவனுக்குப் பத்து வயசுகூட ஆகியிருக்கவில்லை. தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றிச் சிதையைச் சுற்ற விட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாவிதன் பின்னாலிருந்து குடத்தில் ஒரு ஓட்டை போட்டான். தண்ணீர் பீச்சிக்கொண்டு முதுகில் வழிந்தது. கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடடா என்றார்கள். நடந்தான். அன்றையிலிருந்து வீட்டில் ஒழுகுகிற பானை ஒன்று இருந்தால் சாப்பிடமாட்டான், தூங்கமாட்டான்.

அவன் பெயருக்கே ஒரு கதை உண்டு. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவன் என்பதால் அவனுடைய அம்மை அவனைத் தவிட்டில் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவளிடமே முந்தானை ஏந்தி வாங்கிக்கொண்டாள். பிச்சை எடுத்து வாங்கின பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்று கணக்கு. கணக்கு பலித்து இவன் தங்கினான். ஆனால் இவனுக்குப் போன வருஷம் பிறந்த பையன் குப்புற விழப் பழகுமுன்னே போய்விட்டான். அதற்கப்புறம் தங்கத்தாய் வயிற்றில் இருக்கிற இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கத்தாய் சுட்ட கருவாடும் கஞ்சியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மாட்ட என்ன சொல்ல?"

"சொல்லிட்டேனே."

"என்னத்த சொன்னிய? முடியாதுன்னிய. ஏன் முடியாது?"

"ஏட்டி, அடியில ஓட்டை போட்ட பானை எங்க போவும்? உன் வாயாலயே சொல்லு."

"சுடுகாட்டுக்குப் போவும்."

"தெரியுதுல்லா? வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு அதப் போயி வீடு நெறைய அடுக்கச் சொல்லுத. கோட்டி புடிச்சிருக்கா உனக்கு?"

"முளைப்பாரிச் சட்டிக்கு அடியில ஓட்டை இருக்குல்லா? அம்மன் கோயில் கொடைக்கு வருசா வருசம் நானே எடுத்திருக்கேன். அதுல முளைக்கத்தான செய்யுது?"

"அது அம்மனுக்குள்ளது. மண்ணுச் சட்டி. கொடை முடிஞ்சதும் ஆத்துல விட்டுருதோம். இது அப்படியா? நான் ஓட்டை போட்டது ஒரு வெராந்தாவுல வருசக்கணக்கா நிக்கும். அந்தப் பேச்ச விடு."

"விடுதேன். நீங்க கப்பலேறுதது மட்டும் நல்ல சகுனமாக்கும்?"

"போயிட்டு வந்துருவேன்ட்டி."

"எதுத்த வீட்டுக்காரனும் இதத்தான் சொன்னான்."

கஞ்சியில் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் விரட்டவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் தங்கத்தாய். "ஓட்டைக்கு இல்ல. வலி எடுத்து நான் உள்ள கெடக்கும்போது வாசல்ல நீங்க இல்லாம இருந்தா என்ன செய்ய? மொதப் பிள்ளைக்கு ராவெல்லாம் வாசல்ல நின்னு இருமிக்கிட்டே இருந்திய. அந்த இருமலக் கேட்டுக்கிட்டுத்தான் பெத்தேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பிள்ள எங்கட்டி? போச்சுல்லா? எங்கம்மைக்கு மூணு போச்சு. எனக்கு ஒண்ணு. என் பக்கத்துல பிள்ள தங்காது போலருக்கு. நான் கடலுக்கு அங்கிட்டுப் போயிட்டேன்னா இதாவது தங்கும்."

கங்காணியின் பேச்சில் மயங்கித்தான் போகிறான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தாள் தங்கத்தாய். இப்போது அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் கஞ்சியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். "குடிங்க, ஆறுது," என்றாள்.

மறுநாள் காலையில் அவளே பாளையங்கோட்டைக்கு நடந்துபோய் டீச்சரைப் பார்த்தாள். "எல்லாத்தையும் பழக்கித் தாரேன் டீச்சரம்மா. ஆனா எங்க வீட்டுக்குள்ள ஓட்டை விழக்கூடாது. முழுச்சட்டியா இங்க வரட்டும். உங்க பள்ளிக்கூட முத்தத்துல வச்சு நானே போடுதேன். மண்ணும் செடியும் ரெடியா இருக்கணும். ஓட்டை விழுந்த மறுநிமிசம் மண்ணு விழுந்துரணும். வெறுஞ்சட்டியா ஒண்ணுகூடக் கெடக்கப்பிடாது."

"நீயா? இந்த வயித்தோடயா?"

"வயித்தாலயா ஓட்டை போடப்போறேன்? கையாலதான."

வீட்டுக்கு வந்து, "ஓட்டைய அவிய வீட்டுல போட்டுக்கிடுவாவளாம்," என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். "அவிய பாடு," என்றான் அவன். யார் போடுவார்கள் என்று அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க வெயிலைக் காணோம். எண்ணெய் தேய்த்த சட்டிகளைக் காயப்போட வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே மட்டைத் தணல் போட்டுச் சுற்றிலும் அடுக்கினாள். புகையில் கண் எரிந்தது. வளவுக்காரிகளிடம் வடிகஞ்சி கேட்டு வாங்கி ஊற்றினாள். முத்துமாலை தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்ததோடு, உட்கார்ந்து எண்ணெயும் தேய்த்துக் கொடுத்தாள். பிச்சைக்கண்ணு கடைசிச் சட்டி வரைக்கும் விளிம்பு ராவினான். ஊரைவிட்டுப் போகிறவன் வேலை என்று சொல்லமுடியாது, அத்தனை பதனம். ஒவ்வொன்றாகக் கறுத்துவந்த சட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு," என்று ஒருதரம் சொன்னான். புறப்படுகிற நாளைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் பள்ளிக்கூடத்து மாட்டுவண்டி வந்து சட்டிகளை ஏற்றிக்கொண்டது. பிச்சைக்கண்ணு ஒரு வேட்டியையும் போர்வையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சாவடிக்குக் கிளம்பினான்.

"கருப்பட்டியும் அவலும் வச்சிருக்கேன் மூட்டையில," என்றாள் தங்கத்தாய்.

"நீ எங்க கெளம்புத?"

"சட்டிய எண்ணி ஒப்படைக்கணும்லா."

"பைய போ. வண்டி குலுங்கும், ஏறாத. நட."

அவ்வளவுதான். கட்டிக்கொண்டு அழவில்லை. அவன் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்துவிட்டு, பக்கத்து ஆசாரி வீட்டில் போய், தச்சர்கள் மரத்தில் துளை போடுகிற தமர் ஒன்றைக் கேட்டு வாங்கி முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பக்கம் ஆற்று வண்டலும் சாணிப்பொடியும் கலந்து குவித்திருந்தார்கள். ஈரச் சாக்குக்குள் பெரணிச் செடிகள் சுருட்டின இலையோடு காத்திருந்தன. விடுமுறைக்கு ஊருக்குப் போகாத போர்டிங் பிள்ளைகள் சிலர் சுற்றி நின்றார்கள். தங்கத்தாய் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சட்டியைக் கல்தரையில் கவிழ்த்தாள். அடியில் தமரின் முனையை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்துத் திருகினாள்.

மாக்கல் மெத்தென்ற கல்தான். மாவு மாவாக உதிர்ந்தது. சுலபம்தான் போலிருக்கிறதே என்று அவள் நினைத்த நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். உள்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து, சட்டி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் சரிந்தது.

"போதும் தங்கத்தாயி, விட்டுரு," என்றாள் ஹெப்சிபா. "முழுச்சட்டியாவே வச்சுக்கிடலாம். செடி போனா போவுது."

"செடி அழுகினா பொறவு வக்கீல் வீட்டுல யாரு கேப்பா?" என்றாள் தங்கத்தாய். அடுத்த சட்டியைக் கவிழ்த்தாள். பிளந்து கிடந்த சட்டியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போயிற்று. அவன் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? வயிற்றில் பிள்ளை ஒருதரம் புரண்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தமரை வைத்தாள்.

சாவடியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற பாதை பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான். நேசையா கங்காணி குடையோடு முன்னால் போக, மூட்டை முடிச்சுகளோடு ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் பின்னால் வந்தது. எல்லாரும் போனபிறகும் கடைசியில் வந்த ஒருத்தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஒருதரம் அவளைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நின்றான். அவன் பார்த்ததோ கவிழ்த்த சட்டியின்மேல் தமரை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை.

"ஏட்டி!"

தங்கத்தாய் தலைநிமிர்ந்தாள். கேட்டில் புருஷன் நின்றான். ஆனாலும் கையை எடுக்கவில்லை. இனி மறைத்து என்ன செய்ய? அவனைப் பார்த்துக்கொண்டே தமரை இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.

"வைக்காத! கைய எடு!" என்று கத்தினான் அவன்.

"எடுக்கமாட்டேன். நீங்க போங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

"கைய எடுங்கேன்ல்லா! வெளியிலருந்து அந்த அமுக்கு அமுக்குனா உள்பக்கம் பேந்துராதா? அறிவு இருக்கா உனக்கு? அன்னா ஒண்ண ஒடச்சுப் போட்டிருக்க. ஒரு மத்தியானம் பூரா வெளிம்பு ராவின சட்டிட்டி அது!"

மூட்டையைக் கேட்டடியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தான். அவள் கையிலிருந்து தமரைப் பிடுங்கினான். "தண்ணி கொண்டாங்க. நனஞ்ச மணல் கொண்டாங்க," என்று பிள்ளைகளை அதட்டினான். பெரிய டீச்சர் நிற்கிறாள் என்பதுகூட அவனுக்கு நினைப்பில்லை. ஈர மணலைக் குவித்து, அதில் வேறொரு சட்டியை நிமிர்த்து உட்கார வைத்து, உள்ளே கையைவிட்டுத் தமரைப் பொருத்தினான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே, பாரம் கொடுக்காமல், கயிறு திரிப்பது போல உள்ளங்கையால் உருட்டினான். பாதி இறங்கியதும் சட்டியைத் திருப்பி, அந்தப் பக்கமிருந்து மிச்சத்தைப் போட்டான். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு ஓட்டை, செதில் இல்லாமல் விழுந்தது.

அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "மண்ண போடுங்க. வெரசா. வெறுஞ்சட்டியா கெடக்கப்பிடாது," என்றான். பிள்ளைகள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். ஹெப்சிபா தன் கையாலேயே ஒரு பெரணியை நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சநேரத்தில் சட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்து முற்றத்தில் ஓடியது. பிச்சைக்கண்ணு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அது போய் ஒரு வாழைமூட்டில் இறங்கியது.

கேட்டில் குடை தெரிந்தது. நேசையா கங்காணி ஆளைக் காணவில்லையென்று தேடித் திரும்பி வந்திருந்தார்.

"ஏ பிச்சைக்கண்ணு, ரயிலு உனக்காவ நிக்குமா வே? கெளம்பு."

தங்கத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள் உயிரெல்லாம் அந்த ஒரு பதிலில் நின்றது.

அவன் கேட்டடியில் கிடந்த மூட்டையைப் பார்த்தான். வரிசையாகக் காத்திருந்த சட்டிகளைப் பார்த்தான். அவள் கீறி வைத்திருந்த இரண்டாவது சட்டியின் அடியை விரலால் தடவி, உச்சுக்கொட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க போங்க. இதுகள இவ கையில விட்டுட்டு வந்தேன்னா ஒண்ணு மிஞ்சாது."

"அடுத்த கப்பலு தையிலதான்வே. நல்லா யோசிச்சுக்கோ."

"தையில எம்பொண்டாட்டிக்குப் பேறுகாலம் அண்ணாச்சி. வாசல்ல நிக்கணும்."

கங்காணி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். "நல்லா இருங்க," என்று குடையை மடக்கி ஒருதரம் அசைத்துவிட்டு நடந்தார். தங்கத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மண் அள்ளுகிற சாக்கில் கொஞ்சநேரம் குனிந்தே இருந்தாள்.

வெயில் எட்டிப் பார்த்தது. போர்டிங் சமையல்காரி சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வெராந்தாவில் கறுப்புச் சட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. முதல் நாலைந்து சட்டிக்கும் பிச்சைக்கண்ணு ஓட்டை விழுந்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மண்ணு, மண்ணு," என்று அவசரப்படுத்தினான். அதற்கப்புறம் திருப்புவது குறைந்தது. விரலை விட்டுப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு அரத்தைக் கேட்டு வாங்கி ஓட்டையின் ஓரத்தை ராவினான். "இது தண்ணி வடியத்தான, மோதிரமா போடப்போறோம்?" என்றாள் தங்கத்தாய். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஒரு வாரமாக அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஓட்டை போட்டு முடித்ததும் மண்ணைக் கேட்க மறந்துவிட்டான். சட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டை வழியாகப் பார்த்தான். எதிரே தங்கத்தாய் காலை நீட்டி, வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். சட்டியின் அடியில், அந்தச் சின்ன வட்டத்துக்குள், அவன் கண் ஒன்று தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"என்ன பாக்கிய?"

"ஒழுங்கா விழுந்திருக்கான்னு பாக்கேன்."

"விழுந்திருக்கா?"

அவன் சட்டியை இறக்கவில்லை.

"விழுந்திருக்கு," என்றான். "ரெண்டு பேரும் நல்லா தெரியுதிய."